முப்பத்தொரு வீட்டுத் தாடி

மாசி பிறந்து நாலாம் நாள் காலையில், கரட்டுப்பாளையத்துப் புதுக்காலனியின் மூன்றாம் வீட்டு மயிலாத்தா வாசல் தெளித்துவிட்டு ஈரக் கையைச் சுவரில் துடைத்தபோது சுவர் குத்தியது. குனிந்து பார்த்தால், சிமெண்ட் பூச்சுக்கு மேலே, இரண்டு நாள் மழிக்காத ஆம்பிளை முகத்தில் இருக்குமே, அதே மாதிரி கறுகறுவென்று முடி முளைத்திருந்தது. மயிலாத்தா நாலு பிள்ளை பெற்றவள், இரண்டு மருமகள்களோடு ஒரே அடுப்பில் காலம் தள்ளுகிறவள், எளிதில் பதறுகிற ஆளில்லை. "இதென்ன கெரகம்" என்று சொல்லிவிட்டு, பால் பொங்குகிற வாசம் வந்ததால் உள்ளே போய்விட்டாள். பால்தான் அவசரம். முடி எங்கே ஓடிவிடப் போகிறது.

உச்சிப்பொழுதுக்குள் காலனியின் முப்பத்தொரு வீட்டிலும் தாடி முளைத்திருந்தது தெரிந்துபோனது. ரேஷன் கடைச் சுவரிலும் முளைத்திருந்தது. எல்லாம் ஒரே கல்லில் பிறந்த சுவர்கள்தானே. ஊருக்கு வடக்கே இருக்கிற கரட்டை வெடி வைத்துப் பிளந்து, பிளந்த பாறையைக் கிரஷரில் போட்டு ஜல்லியாக உடைத்து, ஜல்லியை இன்னும் அரைத்து எம்-சாண்ட் மணலாக்கி, மணலில் சிமெண்டைக் குழைத்து ஹாலோ பிளாக் கல்லாக அச்சுப் போட்டு, அந்தக் கல்லை அடுக்கி அந்த மணலாலேயே பூசி, போன ஐப்பசியில் கட்டி முடித்தவை. சுவர் குத்தியது மட்டுமில்லை, கதகதப்பாகவும் இருந்தது. காய்ச்சல் சூடு இல்லை. பக்கத்தில் ஒருத்தர் படுத்திருந்தால் வருமே, அந்தச் சூடு.

ஊரே காலனிக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தது. குவாரியில் வேலை பார்க்கிற குருவம்மா மட்டும் போகவில்லை.

முதல் மூன்று நாள் எல்லோரும் வெளியில்தான் படுத்தார்கள். நாலாம் நாள் பஞ்சாயத்துத் தலைவரம்மா ஆள் விட்டு இரண்டு கை சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் முடி சுண்ணாம்பைத் துளைத்துக்கொண்டு, நுனியில் வெள்ளைப் பொட்டோடு எட்டிப் பார்த்தது. அரசாங்கத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார், சுரண்டினார், கண்ணாடிக் குப்பியில் போட்டார், அசதியில் சுவரில் முதுகைச் சாய்த்தார், சாய்த்தவர் கண்ணை மூடிக்கொண்டார், பிறகு ‘பூஞ்சை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினார். பூஞ்சை என்று அரசாங்கமே சொன்ன பிறகு பயப்பட என்ன இருக்கிறது? ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மயிலாத்தாவின் சின்ன மருமகள் பிள்ளை பெற்ற உடம்போடு அந்தச் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தவள், நாலே நாளில் இடுப்பு வலி போயிற்று என்றாள். அதைக் கேட்டு அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைப்பேற்றுக்காரிகளெல்லாம் முதுகைக் கொடுக்க வந்தார்கள். மாவுச் சட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பனிக்காலத்திலும் பொங்கியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நாவிதர் ஆறுச்சாமி சோப்பு, கிண்ணம், கத்தியோடு வந்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுவர்களுக்குச் சவரம் செய்தார். மழித்த இடத்தில் படிகாரக் கல்லை நனைத்துத் தேய்த்தார். பதினேழாம் வீட்டில் ஒரு தடவை கத்தி பிசகி, சுவரில் ஒரு துளி சிவப்பாகக் கசிந்தது. ஆறுச்சாமி அதைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு வெளியில் மூச்சு விடவில்லை. சிலர் மழிக்கவே விடாமல் வளர்த்து, எண்ணெய் தடவிச் சீவிவிட்டார்கள். ஆற்று மணலில் கட்டிய பழைய தெருக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை, மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த ஒரு கூட்டம் "செவுத்துல தாடி இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு, இல்லையென்றதும் காப்பியை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனதாம்.

இப்படியே போய்ப் பங்குனியில் அது சாமியாகிவிட்டது. ரேஷன் கடைச் சுவரில் மூன்று முழ அகலத்துக்கு மழிக்காமல் விட்டு, தரை தொட வளர்ந்த முடிக்குச் சந்தனம் பூசி, தாடிச்சாமி என்று பெயரும் வைத்தார்கள். சித்திரை முதல் வெள்ளிக்கிழமை காலையில் தாடிச்சாமிக்கு மேடை கட்டி அபிஷேகம் செய்வதென்று முடிவாயிற்று. அன்றைக்கு ஊருக்கே சாப்பாடு, குவாரி ஓனர் தெய்வசிகாமணி வீட்டில்.

இதையெல்லாம் குருவம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நேரில் பார்க்கவில்லை. குவாரிக்கு வேலைக்குப் போகக் காலனித் தெருவைத் தாண்டித்தான் ஆகவேண்டும். தலையில் துண்டைப் போட்டு, அதை முகம் மறைய இழுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே ஒரே நடையாகப் போய்விடுவாள். ஒன்பது மாதமாக அப்படித்தான். அவள் புருசன் நாச்சிமுத்து போன ஆடியில் எவளோ ஒருத்தியோடு ஓடிப்போனவன். ஓடிப்போனவன் பெண்டாட்டி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுச் சுவரைப் பார்ப்பாள்?

நாச்சிமுத்துவும் அவளும் ஒரே குவாரியில்தான் வேலை பார்த்தார்கள். அவன் கம்ப்ரஸர் போட்டுப் பாறையில் குழி எடுக்கிறவன். அவள் கொடிக்காரி. மதியம் ஒரு மணிக்குச் சங்கு ஊதியதும் பள்ளத்தில் இருக்கிற இருபத்திமூன்று பேரும் மேலே ஏறிவந்து, கொட்டகையில் அடித்திருக்கிற இருபத்திமூன்று ஆணிகளில் தங்கள் மஞ்சள் தொப்பிகளை மாட்டுவார்கள். அவள் தொப்பிகளை எண்ணுவாள், கணக்குச் சரியென்றால் பச்சைக் கொடியை ஆட்டுவாள். கொடியைப் பார்த்ததும் வெடிக்காரர் பொத்தானை அமுக்குவார். ஆட்களை எண்ணக்கூடாது, கரட்டுப்பாளையத்தில் யாரும் மனுசத் தலையை விரல் நீட்டி எண்ண மாட்டார்கள், எண்ணினால் ஒன்று குறைந்துவிடும் என்று அவர்களுக்கு அப்படியொரு பயம். கல்யாணப் பந்தியில்கூட இலையைத்தான் எண்ணுவார்கள். அதனால் குவாரியிலும் தொப்பியைத்தான் எண்ணினார்கள், யாருக்கும் அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை.

அந்த ஆடி மாத மதியத்திலும் இருபத்திமூன்று தொப்பிகள் இருந்தன. அவள் எண்ணினாள், கொடியை ஆட்டினாள், கரடு ஒரு தடவை குலுங்கி அடங்கியது. சாப்பாட்டு நேரத்தில் நாச்சிமுத்துவைக் காணோம். சாயங்காலமும் காணோம். மறுநாள் ஓனர் தெய்வசிகாமணி வந்து, பாலக்காட்டு பஸ்ஸில் அவன் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், கூட ஒரு பொம்பளை இருந்ததாகவும் சொன்னார். அந்தப் பொம்பளைக்குப் பச்சைச் சேலை கட்டிவிட்டது ஊர், கையில் குழந்தையைக் கொடுத்தது ஊர். குருவம்மா ஒரு வாரம் அழுதாள். பிறகு கோபப்பட்டாள். அந்தக் கோபம்தான் அவளைக் காலையில் எழுப்பியது, சோறாக்க வைத்தது, வேலைக்குத் துரத்தியது. ஒன்பது மாதமாக அவள் அந்தக் கோபத்தோடுதான் குடித்தனம் நடத்தினாள் என்றால் மிகையில்லை.

அபிஷேகத்துக்கு நாலு நாள் முன்னால் ஓனர் சம்சாரம் ஆளனுப்பிக் கூப்பிட்டது. விருந்தாளிகள் தங்குவார்கள், மாடியைக் கழுவித் தர வேண்டும் என்று. காலனி கட்டி மிஞ்சிய மணலில் எடுத்த மாடி அது. மாடியிலும் தாடி முளைத்திருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. ஓனர் வீட்டுச் சமாசாரத்தைக் கேட்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. குருவம்மா படுக்கையறையைக் கூட்டினாள். சுவரோடு ஒட்டி ஒரு பெரிய இரும்பு பீரோ இருந்தது. அதன் பின்னாலிருந்து முடிச்சுருள்கள் தரையில் வழிந்து கிடந்தன. தோளைக் கொடுத்து பீரோவை ஒரு முழம் நகர்த்தினாள்.

அங்கே ஒரு வருசம் மழிக்காத மாதிரி நீளத் தாடி இருந்தது. அதன் இடது ஓரத்தில், ரூபாய்க் காசு அகலத்துக்கு, பிறவியிலேயே நரைத்த முடி ஒரு சுழியாகச் சுழன்று நின்றது.

அந்த வெள்ளைச் சுழியை அவளுக்குப் பதினாலு வருசமாகத் தெரியும். கல்யாணத்தன்று தாலி கட்டக் குனிந்த முகத்தில் அவள் முதலில் பார்த்ததே அதைத்தான். கை தானாகப் போய் அதைத் தொட்டது. நாச்சிமுத்துவுக்கு அந்த இடத்தில் கூச்சம் அதிகம், தொட்டால் முகத்தை வெடுக்கென்று ஒதுக்கிக்கொள்வான். சுவர் ஒரு நூலளவு உள்ளே ஒதுங்கியது.

அவளுக்குக் கத்த வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். கை மட்டும் சுவரை விட்டு வர மாட்டேன் என்றது. அவன் ஓடிப்போகவில்லை. அவன் எங்கேயும் போகவில்லை. சங்கு ஊதியதும் எல்லோரையும் போல மேலே வந்திருக்கிறான், எல்லோரையும் போலத் தொப்பியை மாட்டியிருக்கிறான், பள்ளத்தில் தூக்குப்போசியை மறந்துவிட்டது நினைவு வந்து மறுபடியும் இறங்கியிருக்கிறான். அந்தப் போசியில் காலையில் அவள்தான் கொள்ளுப் பருப்பும் சோறும் கட்டிக் கொடுத்தாள். அந்தப் போசி வீட்டுக்குத் திரும்பி வரவேயில்லை. வேறொருத்தியோடு ஓடுகிறவன் பெண்டாட்டி கட்டிக்கொடுத்த தூக்குப்போசியோடா ஓடுவான்? ஒன்பது மாதத்தில் ஒரு நாள்கூட அவளுக்கு இது தோன்றவில்லையே! கொட்டகையில் இருபத்திமூன்று தொப்பிகள், பள்ளத்தில் ஒரு வெறுந்தலை, இவள் கையில் பச்சைக் கொடி.

"பாத்துட்டியா?"

ஓனர் வாசலில் நின்றார். இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"இது என்ற மாமன்" என்றாள் குருவம்மா.

"ஆமா."

அந்த ஒற்றைச் சொல் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. இல்லையென்று சத்தியம் செய்வார், திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்றெல்லாம் நினைத்திருந்தாள்.

"அன்னிக்குச் சாயங்காலமே தெரியும்" என்றார் அவர். "கிரஷர் வாய் சிக்கிக்கிச்சு. நிறுத்திப் பாத்தா, நசுங்குன போசி. வேற ஒண்ணும் எடுக்கற மாதிரி இல்ல அம்மிணி. எல்லாம் மணலோட மணலாப் போயிருச்சு."

"பஸ்ஸுல பாத்தேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். எனக்காகவும் சொன்னேன், உனக்காகவும் சொன்னேன். குவாரிய மூடிட்டா எத்தன குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்? அத வுடு. கொடி காட்டுனது யாரு?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஓடிப்போனவன் பொண்டாட்டின்னா ஊரு ஐயோ பாவம்னு சொல்லும். செத்தவன் பொண்டாட்டின்னா, கொன்னது யாருன்னு கேக்கும். எப்படி இருக்கோணும்னு நீயே ரோசன பண்ணிக்க."

பீரோவை அவரே பழைய இடத்துக்குத் தள்ளினார். தள்ளும்போது அவர் விரல்களில் ஏழெட்டுக் கத்திக் கீறல்கள் இருப்பதை அவள் பார்த்தாள். தானே மழித்துப் பார்த்திருக்கிறார், தாடி அவர் கத்திக்கு அடங்கவில்லை போலும்.

மூன்று நாள் குருவம்மா வேலைக்குப் போகவில்லை, அடுப்பும் மூட்டவில்லை. ஓனர் சொன்னதில் பாதி அயோக்கியத்தனம், பாதி நிசம். அந்த நிசப் பாதிதான் அவளைத் தின்றது. அவன் ஓடிப்போனவனாகவே இருந்தால் அவள் பாவமற்றவள், கோபப்பட அவளுக்கு ஒரு ஆள் இருக்கிறான், பாலக்காட்டில் எங்கேயோ தின்று உறங்கிக்கொண்டு உயிரோடு இருக்கிறான். செத்தவன் என்றால் அவன் உத்தமன், அவள்மேல் ஆசையாக இருந்தவன், கொள்ளுப் பருப்புக்காகக் குழியில் இறங்கியவன். அவனைக் கொன்ற கை இதோ, மடியில் கிடக்கிறது. புருசனைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் அவனைக் கொன்றதையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். யாரிடம் போய் இதைச் சொல்லி அழ? அவனை ஒன்பது மாதம் வாய்க்கு வந்தபடி சபித்தோமே என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது, அதுவும் சத்தமில்லாமல். சத்தம் போட்டு அழ அவளுக்கு இன்னும் உரிமை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் காலனியில் மேளம் கேட்டது. குருவம்மா எழுந்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்தாள், பிறகு அதை அங்கேயே போட்டுவிட்டு வெறுந்தலையோடு நடந்தாள்.

ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அவள் அந்தத் தெருவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பக்கமும் வீடுகள், வீடுகளில் சுவர்கள், சுவர்களில் ஐந்து நாள் தாடி. அவள் முதல் வீட்டைத் தாண்டியபோது அந்த வீட்டுச் சுவரின் முடியெல்லாம் குத்திட்டு நின்றது. இரண்டாம் வீட்டிலும் நின்றது. குளிரில் மேலெல்லாம் சிலிர்க்குமே, அப்படி. காற்றே இல்லாத வெயிலில், அவள் எட்டு வைக்க வைக்க, வீடு வீடாகச் சுவர்கள் அவளைக் கண்டு சிலிர்த்துக்கொண்டே வந்தன. தன் உடம்பும் சிலிர்த்திருந்தது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

ரேஷன் கடை முன்னால் கூட்டம். குடத்தில் பால், தட்டில் பூ, முன்வரிசையில் பட்டு வேட்டியில் ஓனர். அவள் நேராகப் போய் மேடைமேல் ஏறி, சந்தனம் பூசிய தாடிக்கு முன்னால் நின்று திரும்பினாள். மேளம் நின்றது.

"இது சாமி இல்ல" என்றாள். "என்ற வூட்டுக்காரரு நாச்சிமுத்து. அவுரு ஓடிப்போகல. குழிக்குள்ள இருந்தாரு. தொப்பிய எண்ணுனது நானு. கொடியக் காட்டுனதும் நானு. நான்தான் கொன்னேன்."

அலறுவார்கள், அடிக்க வருவார்கள், பெண்கள் மாரில் அடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். சிலர் தரையைப் பார்த்தார்கள். மயிலாத்தா கையிலிருந்த பால் செம்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"தெரியும் அம்மிணி" என்றாள்.

குருவம்மா மேடை விளிம்புக்கு வந்தாள். "என்ன தெரியும்?"

"பதினஞ்சு வருசம் நான் மழிச்ச தாடிங்க குருவக்கா" என்றார் ஆறுச்சாமி, கூட்டத்தின் ஓரத்திலிருந்து. "மொத ஞாயித்துக்கெழமை, மொத இழுப்புலயே தெரிஞ்சு போச்சு. முடி படியற பக்கம் ஆளுக்கு ஆளு மாறும். மயிலாத்தாகிட்டச் சொன்னேன். மயிலாத்தா காலனியில சொல்லுச்சு."

"அவன் சொல்லாட்டியும் தெரியும்" என்றாள் மயிலாத்தா. "நீ தலையக் குனிஞ்சுட்டு இந்தத் தெருவுல போறபோதெல்லாம் முப்பத்தொரு செவுத்துலயும் முடி குத்திட்டு நிக்குது. எங்களுக்கென்ன கண்ணா இல்ல?"

"அப்பறம் ஏன் ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல?" குருவம்மா கத்தினாள். மூன்று நாளாக வராத கத்தல் இப்போது வந்தது. "ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு தினம் தினம் செத்தனே, ஒரு வாய் சொன்னீங்களா?"

மயிலாத்தா பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை, ஆனால் அன்றைக்குச் சொல்லவில்லை.

"சொன்னா நீ தாங்க மாட்டீன்னு நெனச்சோம். அது பாதிதான். வூடு போயிருமேன்னு பயந்தோம். பொணத்துக்குள்ள எவ குடியிருப்பா? சாமின்னா இருந்துக்கலாம். அதனால சாமியாக்கிட்டோம்."

குருவம்மா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவன்மேல் சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்கள், அவன் சூட்டில் மாவைப் புளிக்க வைத்தவர்கள், அவனுக்கு எண்ணெய் தடவிச் சீவிவிட்டவர்கள். அவள் ஒன்பது மாதம் தனியாகப் படுத்திருக்க, அவன் இத்தனை பேரோடு இருந்திருக்கிறான். கோபம் பொங்கியது. கோபத்துக்குப் பின்னாலேயே, அதைவிடப் பெரிதாக, துக்கம் பொங்கியது. அவள் தாடிக்குள் முகத்தைப் புதைத்தாள், இரண்டு கையாலும் சுவரைக் கட்டிக்கொண்டாள், சந்தனமும் பூவும் முகத்தில் அப்ப, "மாமா, என்ற மாமா, போசி போனாப் போவுதுன்னு வந்திருக்கக் கூடாதா, ஒரு நாளு சோறில்லாட்டி என்ன கொறஞ்சு போயிருப்ப மாமா" என்று குரலெடுத்து அழுதாள். செத்தவனுக்கு அழுகிற அழுகை அது. ஒன்பது மாதத்தில் நாச்சிமுத்துவுக்காக ஊரில் எழுந்த முதல் அழுகை.

அழ அழச் சுவர் ஆறியது.

முதலில் அவள் கன்னத்துக்குத்தான் தெரிந்தது. அப்புறம் முடி உதிர்ந்தது. இழுக்காமலே, கொத்துக் கொத்தாக, சந்தனத்தோடு அவள் தோளிலும் மேடையிலும் விழுந்தது. அழுகையை நிறுத்திவிட்டுச் சுவரில் காதை வைத்தாள், உள்ளங்கையை வைத்தாள், நெற்றியை வைத்தாள். வெறும் கல். வீடுகளுக்குள்ளிருந்து பிள்ளைகள் வீரிட்டு அழுகிற சத்தம் தெரு நெடுக வரிசையாகக் கேட்டது. தொட்டிலை ஒட்டிய சுவர் சில்லென்று ஆகிவிட்டது அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. பெண்கள் ஓடினார்கள். ஓடியவர்கள் சுவரைத் தொட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். முப்பத்தொரு வாசலிலும் கறுப்பு முடி குவிந்து கிடந்தது.

"இத்தன நாளும் இருந்தாரு" என்றாள் குருவம்மா. "செத்துட்டாருன்னு நான் சொன்னப்பறம்தான் போயிட்டாரு. இப்பவும் நான்தான், இல்லியா?"

ஓனர் எழுந்து காரை நோக்கி நடந்தார், யாரும் தடுக்கவில்லை. அவருடைய டிரைவர் இருபதாம் வீட்டுக்காரன். அவன் சாவியைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டுத் தன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மயிலாத்தா தன் வீட்டு முற்றத்திலிருந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்தாள். அபிஷேகத்துக்கு என்று கட்டியிருந்த புதுச் சேலையோடு, நடுத்தெருவில் நின்று, அதைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். சொந்த வீட்டில் சாவு விழுந்தால் அப்படித்தான் செய்வார்கள். பிறகு அவள் மருமகள்கள் இருவரும் ஊற்றிக்கொண்டார்கள், பிறகு நாலாம் வீடு, பிறகு எதிர்வரிசை. ஈரத்தலையோடு ஒவ்வொருத்தியாக வந்து குருவம்மாவைச் சுற்றி மண்ணில் உட்கார்ந்தார்கள். அவளைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினார்கள், அவள் இன்னும் அவர்களை மன்னிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்ததால் தொடாமல் பக்கத்திலேயே இருந்தார்கள்.

ஓனர் வீட்டுப் பந்திக்கு யாரும் போகவில்லை. சாவு விழுந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுவர வேண்டும்; காலனியில் எல்லாமே சாவு விழுந்த வீடாகப் போய்விட்டதால், ஆற்று மணல் வீட்டுக்காரர்கள்தான் பழைய தெருவிலிருந்து சோற்றுக் குண்டாக்களைத் தலையில் சுமந்து வந்தார்கள். அன்று முப்பத்தொரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.